முப்பத்தொரு பெண்களின் எடை

பாபு, சாந்தி, இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடப் படிவத்தில் "தகப்பனார் தொழில்" என்ற இடத்தில் பாபு ஒரு வருஷம் "ஜீப்பில் போவது" என்று எழுதினான். அடுத்த வருஷம் சாந்தி "டாக்டர் ஆபீஸ்" என்று எழுதினாள். "உங்க அப்பா டிரைவரா, டாக்டரா?" என்று வாத்தியார் கேட்டதாக வந்து சொன்னீர்கள். நான் இரண்டும் இல்லை. எடை எடுப்பவன். பெண்களை எடை மிஷினில் ஏற்றி, முள் காட்டும் எண்ணைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் இத்தனை வருஷமும் நான் பார்த்த வேலை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வரும் திங்கட்கிழமை பாபு கும்மிடிப்பூண்டி கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேரப் போகிறான். அவனும் இனி அளந்து எழுதித்தான் சம்பளம் வாங்கப் போகிறான். அதனால் என் வேலையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து நடக்க வேண்டும் போல இருக்கிறது.

1. குழந்தையை எல்லாரும் நிறுக்கிறாங்க

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பொன்னேரியில் ஒரு ரைஸ் மில்லில் தராசடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லீலா டாக்டரம்மா அங்கே வந்தார். மெட்ராஸிலிருந்து ஆராய்ச்சிக்காகப் பொன்னேரியில் வந்து தங்கியிருந்தவர். "ஒழுங்கா எடை பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும். படிப்பு இருந்தா சரி, இல்லாட்டியும் சரி. பொய் எழுதக் கூடாது" என்றார். மில் முதலாளி என்னைக் கை காட்டினார்.

என்ன ஆராய்ச்சி என்று முதல் நாளே கேட்டேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தேவராஜ், குழந்தையை எல்லாரும் நிறுக்கிறாங்க. பொறந்த குழந்தைக்கு எடை இருக்கான்னு கேக்காத ஆஸ்பத்திரி இல்ல. அந்தக் குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டே நாள் முழுக்க உழைக்கிற அம்மாவை யாரும் நிறுத்ததில்ல. நாம நிறுப்போம்."

பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஆண்கள் வலை போடுவார்கள். பெண்கள் வலையில்லாமல் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவிக்கொண்டே போவார்கள். பனையோலையில் முடைந்த பறி ஒன்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். கையில் இறால் அகப்பட்டால் பறிக்குள் போட வேண்டும். பேசவும் முடியாது, நிமிரவும் முடியாது. காலையில் இறங்கினால் கை விரல் வெளுத்துச் சுருங்கும்வரை தண்ணீரில்தான்.

அந்தக் குப்பத்தில் பால் கொடுக்கும் தாய்மார் முப்பத்தொரு பேர். தினமும் காலையில் அவர்களுக்குச் சத்து மாவு உருண்டை கொடுக்க வேண்டும். வறுத்த கோதுமை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம் சேர்த்த மாவு. கொடுப்பதற்கு முன்னால் ஒரு எடை, நாலு மாசம் கழித்து ஒரு எடை. எடை ஏறினால் மாவு தொடரும், மற்ற குப்பங்களுக்கும் போகும். ஏறாவிட்டால் நின்றுவிடும். விஷயம் இவ்வளவுதான்.

2. பறியைக் கீழே வை

முதல் ரவுண்டு எடுக்கப் போன நாள் எனக்கு ஒரே பெருமை. டிரைவர் மஸ்தான் பாய் கரையில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தார். பெண்கள் தண்ணீரிலிருந்து அப்படியே கரையேறி வந்தார்கள். முன்னால் வந்தது முனியம்மா. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அவருக்குப் பயந்து அந்தக் குப்பத்து நாய்கூட ஓரமாகப் போகும்.

"இன்னா தம்பி, மீன நிறுத்து முடிஞ்சி இப்ப மீன் புடிக்கிறவள நிறுக்க வந்துட்டியா?" என்றார்.

"ஆமாக்கா. பறியைக் கீழே வை. வளையலைக் கழட்டு. மடியில என்ன இருக்கு?"

"வெத்தல பாக்கு."

"அதையும் எடு."

"அடியேய், இவன் கழுத்துல கீற தாலியையும் கழட்டச் சொல்லுவான் போல கீதுடி!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. மில்லில் மூட்டையை நிறுத்தால் சாக்கு எடையைக் கழிப்போம். அதே பழக்கம். பறி, வளையல், வெற்றிலை, ஒருத்தி கொண்டையில் செருகியிருந்த சின்னக் கத்தி உள்பட எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மிஷினில் ஜீரோ பார்த்தேன். பத்து கிலோ சோதனைக் கல்லை வைத்துப் பார்த்தேன். முனியம்மா நாற்பத்து நான்கு கிலோ. கடைசியாக ஏறியது காவேரி என்ற சின்னப் பெண். கைக்குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். முப்பத்தொன்பது கிலோ.

எழுதி முடித்ததும் அவர்கள் பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். "இத்தனை சுத்தமா எடை எடுத்தவன் இந்த ஜில்லாவுலயே இல்ல பாய்" என்று மஸ்தான் பாயிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த நாலு மாசமும் வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்கினேன். மாவு உருண்டையை என் கண்ணெதிரே தின்ன வேண்டும் என்பது டாக்டரம்மா போட்ட ரூல். பெண்கள் அதற்கு "ஆபீஸ் நாஷ்டா" என்று பேர் வைத்தார்கள். தின்றுவிட்டு வாயைத் திறந்து காட்டி, "போதுமாய்யா, உள்ள எறங்கி பாக்குறியா?" என்று கேட்பார்கள்.

3. முள் இறங்கிவிட்டது

இரண்டாவது ரவுண்டுக்கு அமாவாசையைத் தேர்ந்தெடுத்தோம். அமாவாசையன்று அந்தக் குப்பத்தில் யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், அலைச்சல் இல்லை என்று யோசனை சொன்னதே நான்தான். பெண்கள் குளித்து, பூ வைத்து, காய்ந்த புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆசையாக ஏறினார்கள்.

முனியம்மா நாற்பத்து மூன்றரை. அரை கிலோ குறைவு. அடுத்தவர் ஒரு கிலோ குறைவு. அடுத்தவர் அப்படியே இருந்தார். கூடினவர் ஒருவர்கூட இல்லை. சோதனைக் கல்லை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். மிஷின் சரியாகவே இருந்தது.

அந்தக் கணக்கு மெட்ராஸுக்குப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை அங்கிருந்து பெரிய டாக்டர் பொன்னேரி ஆபீஸுக்கு வந்தார். இந்த ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைவர். பேப்பரைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் சொன்னார்: "மாவு போகுது, எடை வரலை. என்ன அர்த்தம்? கோழிக்குப் போடுறாங்க, இல்லாட்டி புருஷன் திங்கறான். மாவு வேற ஊருக்குப் போகட்டும். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பைலை முடிச்சுடலாம்."

"என் ஆள் கண்ணால பார்த்திருக்கான் சார்" என்றார் டாக்டரம்மா.

பெரிய டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கண்ணால பார்த்தானா, கணக்குக்குப் பார்த்தானா?"

என் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்துவிட்டார். அவர் போன பிறகு டாக்டரம்மா கேட்டார்: "தேவராஜ், நிஜமாத் தின்னாங்களா?"

"சத்தியமா தின்னாங்கம்மா."

"அப்ப நம்பர் ஏன் இப்படி சொல்லுது?"



4. முனியம்மா மிஷினில் ஏறினார்

புதன்கிழமை குப்பத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண்கள் தண்ணீரில் இருந்தார்கள். முனியம்மா வாயிலிருந்த பறியைக் கையில் எடுத்துக்கொண்டு மடமடவென்று கரையேறி வந்தார்.

"இன்னா சொன்னான்? கோழிக்குப் போட்டமா? எங்க ஊட்ல கோழியே இல்லடா! நீ பாத்துக்கினு தான இருந்த? வாயத் தொறந்து காட்டுனமே, அத்த சொன்னியா அவன்கிட்ட?"

"டாக்டரம்மா சொன்னாங்கக்கா. நம்பல."

"நகுரு. அந்தப் பாழாப்போன மிஷினு இன்னாதான் சொல்லுதுன்னு நானே பாக்குறேன்."

பறியை வீசி எறிந்துவிட்டு ஏறி நின்றார். நான் முள்ளைப் பார்த்தேன். நாற்பத்தைந்தரை.

அமாவாசைக்கு அப்புறம் பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு கிலோ எப்படி ஏறும்? மிஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஜீரோ பார்க்கலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மிஷினின் தட்டில் தண்ணீர் தேங்கி, வழிந்து, என் கால் விரல் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, மில்லில் ஈர நெல் வந்தால் கையில் அள்ளியதுமே சொல்லிவிடுவேன். ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்று வியாபாரியிடம் சண்டை போட்டவன் நான். மூட்டைக்கு ஈரம் பார்த்தவனுக்கு மனுஷிக்குப் பார்க்கத் தோன்றவில்லை. வெற்றிலையைக் கழித்தேன், வளையலைக் கழித்தேன். இடுப்பிலிருந்து கால்வரை சுற்றியிருந்த எட்டு முழ நூல் புடவை குடித்திருந்த தண்ணீரை அவள் உடம்பு என்று எழுதிவிட்டேன். முதல் ரவுண்டு ஈரத்தில் எடுத்தது. இரண்டாவது காய்ந்த புடவையில் எடுத்தது. அதனால்தான் முள் இறங்கியது!

"அக்கா, அக்கா, உன் புடவையைக் குடு!" என்று கத்தினேன்.



"யோவ், பொடவையைக் கேக்குறான்டி!" என்று முனியம்மா கூவினார். தண்ணீரில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தியின் பறி மிதந்து போய்விட்டது. நான் வெட்கத்தோடு விளக்கிச் சொன்னேன். முனியம்மா வீட்டுக்குப் போய் வேறு கட்டிக்கொண்டு, ஈரப் புடவையைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு வந்தார். நிறுத்தேன். வெயிலில் மணல்மேல் விரித்துக் காய வைத்து மறுபடி நிறுத்தேன். வித்தியாசம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

"பாய், வண்டிய எடு!" என்றேன்.

"இன்னா வாத்யாரே, பாம்பு கடிச்சா மாரி துள்ற?"

"போய்க்கினே சொல்றேன், எடு!"

5. கையில் அள்ளிக் கழிக்க முடியாது

டாக்டரம்மா முழுதும் கேட்டார். நாற்காலியிலிருந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"மில்லுல ஈர நெல்லுக்கு என்ன பண்ணுவ?"

"கையில அள்ளிப் பார்த்து ஒரு கழிவு போடுவோம்மா."

"இங்க அப்படிப் போட முடியாது. ஒருத்தி புடவையைப் பிழிஞ்சிருப்பா, ஒருத்தி பிழிஞ்சிருக்க மாட்டா. நாமளா ஒரு கழிவு போட்டா, வேணும்னு போட்டோம்னு சொல்லுவாங்க."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று கேட்டார்: "முதல் தடவை எப்படி நிறுத்தோமோ, அதே மாதிரி மறுபடி நிறுத்தா? அதே கரை, அதே மாதிரி தண்ணியிலேர்ந்து நேரா. ஈரத்துக்கு ஈரம். புடவை மட்டும் அதே புடவையா இருக்குமா?"

"தெரியலம்மா, கேக்கணும்."

"நாளைக்குக் காலையில. வெள்ளிக்கிழமைக்குள்ள நமக்கு வேற நாள் இல்ல. அதுக்கு முன்னால இன்னொரு வேலை இருக்கு. நடந்த தப்பை நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஆனாலும் எழுதினேன். "முதல் எடையின்போது புடவை ஈரமாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. தவறு என்னுடையது. தேவராஜ்."

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைப் பாதை சேறாகி, ஜீப் சக்கரம் பாதிவரை இறங்கிவிட்டது. "பேஜாரு புடிச்ச ரோடு" என்று மஸ்தான் பாய் இறங்கி, மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் ஒரு பக்கம். டாக்டரம்மா ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் வந்தார். செருப்பு ஒன்று சேற்றோடு போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

முந்தின சாயங்காலமே சொல்லி அனுப்பியிருந்ததால், கரையில் முனியம்மா முப்பது பேரையும் தயாராகத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தார்.

"அதே புடவையா அக்கா?" என்று கேட்டேன்.

"ஏரிக்கு எறங்க எங்ககிட்ட பத்து பொடவையா கீது? தண்ணிப் பொடவ ஒண்ணே ஒண்ணு. கிழியிற வரைக்கும் அதான்."

டாக்டரம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. பலகை போட்டு மிஷினை நிறுத்தினோம். ஜீரோ. சோதனைக் கல். பறியைக் கீழே வை. வளையலைக் கழட்டு. நான் படித்தேன், டாக்டரம்மா எழுதினார்.

"முனியம்மா, நாற்பத்தைந்தரை!"

"முன்னாடி நாற்பத்து நாலு" என்றார் டாக்டரம்மா. "ஒன்றரை கூட!"

தண்ணீரிலிருந்து ஒரு கூச்சல். அடுத்தவர் ஒரு கிலோ கூட. அதற்கடுத்தவர் இரண்டு கிலோ கூட. ஒருத்திக்கு அப்படியே இருந்தது. அவளுக்கு மட்டும் எல்லாரும் "ச்சொ" கொட்டினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கைதட்டல். மஸ்தான் பாய் விசில் அடித்தார். "டாக்டரம்மாவையும் ஏத்துப்பா, அவுங்களும் ஈரமாத்தான் கீறாங்க!" என்றார் முனியம்மா. டாக்டரம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கடைசியாகக் காவேரி ஏறினாள்.

"முப்பத்தெட்டு" என்றேன். சந்தேகம் வந்து மறுபடி பார்த்தேன். முப்பத்தெட்டுதான்.

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "முன்னாடி முப்பத்தொன்பது."

யாரும் கைதட்டவில்லை. வேறு யாருக்கும் இறங்கவில்லை, அதே மாவைத் தின்ற இவளுக்கு மட்டும் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா அவளைத் தனியே ஓரமாக உட்கார வைத்து, முதுகில் காது வைத்துக் கேட்டார்.

"இருமல் இருக்கா காவேரி?"

"கீதும்மா. தண்ணியில நிக்கிறோம்ல, அதான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. சாயந்தரமானா லேசா காச்சலும் வருது. யாராண்ட சொல்றது?"

அமாவாசை எடையில் அவளுக்கு மூன்று கிலோ குறைந்திருந்தது. ரிஜிஸ்டரில் நானே எழுதிய எண்தான். கிட்டத்தட்ட எல்லாருக்கும் குறைந்திருந்ததால் அது என் கண்ணில் படவில்லை, டாக்டரம்மா கண்ணிலும் படவில்லை, மெட்ராஸிலும் யார் கண்ணிலும் படவில்லை. மற்றவர்களுடைய பொய்யான குறைவுக்குள் இவளுடைய நிஜமான குறைவு ஒளிந்துகொண்டிருந்தது.

குப்பத்து ஆட்கள் கூடி ஜீப்பைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்த ஜீப்பிலேயே காவேரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். முனியம்மா ஈரப் புடவையோடு துணைக்கு ஏறிக்கொண்டார். டிபி என்று சொன்னார்கள். நல்ல வேளை, ஆரம்பம்தான் என்றார்கள்.

6. வெள்ளிக்கிழமை

பெரிய டாக்டர் மூன்று எடைகளையும் பார்த்தார். என் காகிதத்தைப் படித்தார்.

"தேவராஜ் யாரு?"

"நான்தான் சார்."

"உன் தப்பை நீயே எழுதியிருக்கியே."

"ஆமாம் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாவு தொடரட்டும்" என்று பைலில் எழுதினார். அப்புறம் டாக்டரம்மாவிடம், "அந்தப் பொண்ணை எந்த வார்டுல சேர்த்திருக்கீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். என்னிடம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. வேலையும் போகவில்லை.

மறுநாள் குப்பத்தில் முனியம்மா கேட்டார்: "கோழிக்குப் போட்டம்னு சொன்னாரே, அவரு இன்னா சொன்னாரு?"

"மாவு வரும்னு சொன்னாருக்கா."

"அது சரி. எங்கள சொன்னதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டாரு" என்று உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

காவேரி ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து சாப்பிட்டாள். தேறி வந்து மறுபடி மிஷினில் ஏறிய நாளில், இந்தத் தடவை காய்ந்த புடவையில்தான், நாற்பத்தொன்று காட்டியது. அன்றைக்கும் மஸ்தான் பாய் விசில் அடித்தார்.

பாபு, உன் கையில் அளந்து பார்க்கும் கேஜ் கொடுப்பார்கள். என்றைக்காவது எண் இடிக்கும். அப்போது, செய்தவன் ஏமாற்றினான் என்று சொல்ல எல்லாருக்கும் வாய் வரும். முதலில் நீ எப்படி அளந்தாய் என்று பார். தப்பு உன்னிடம் இருந்தால் அதை நீயே எழுதிக் கொடு. சாந்தி, உனக்கும் ஒன்று சொல்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் "யாராண்ட சொல்றது" என்று இருந்துவிடாதே. எங்களிடம் சொல்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன். பழைய ரிஜிஸ்டரை எடுத்து முதல் ரவுண்டு பக்கத்தைத் திறந்தேன். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. முனியம்மா பெயருக்கு நேரே சிவப்பு மையில் "ஈரப் புடவை" என்று எழுதினேன். அடுத்த பெயருக்குக் கீழே "மேற்படி" என்று போட்டுக்கொண்டே போயிருக்கலாம், ஆபீஸ் வழக்கம் அதுதான். நான் அப்படிப் போடவில்லை. முப்பத்தொரு பெயருக்கும் தனித்தனியே முழுசாக எழுதி, மை காயும்வரை பக்கத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.